சுத்தப் பக்கம்

அறியாமல் செய்தது குற்றமாகுமா என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் புராணக் கதைகளை வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். எனக்கு அது ஒரு லாரியின் டீஸல் ஃபில்டர் வழியாக வந்து சேர்ந்தது. திருவொற்றியூரில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் சில வருஷம் கணக்கு எழுதினேன். இது 2018இல் நடந்தது.

ஃபில்டர் மாற்றுவது பெரிய வேலையல்ல. பழையதைக் கழற்றி, புதியதன் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, கையால் முறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சிரமம். ஏர் எடுக்க வேண்டும். நுரை அடங்கி, குமிழி இல்லாமல் டீஸல் கசியும்வரை கைப்பம்பை அடிக்க வேண்டும். தோள் இற்றுவிடும். பட்டறைகளில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: மாட்டுவதற்கு முன்பே புது ஃபில்டரில் டீஸலை ஊற்றி நிரப்பிவிடுவது. வண்டி சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும்.

எங்கள் மேஸ்திரி இதைத் தன் குருவிடம் கற்றவர். குரு பழைய காமெட் லாரிகளில் தொழில் பழகியவர். 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய எண்ணூர் ஆலையின் வண்டிகள். அவர் கையாண்ட வண்டிகளில் ஃபில்டர் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். கிண்ணத்தில் ஊற்றும் டீஸல் காகித மடிப்புக்கு வெளியே நிற்கும், வடிகட்டப்பட்ட பிறகே பம்புக்குப் போகும். ஆகவே ஊற்றியதில் தப்பே இல்லை. எங்கள் புது வண்டியில் இருந்தது டப்பா போலத் திருகி மாட்டும் ஃபில்டர். அதன் வாயில் விளிம்பைச் சுற்றிச் சின்னத் துளைகள், நடுவில் ஒரு பெரிய துளை. டீஸல் சின்னத் துளைகளில் நுழைந்து, காகிதத்தைக் கடந்து, நடுத்துளை வழியாக வெளியேறுகிறது. கையில் புனல் வைத்திருப்பவன் எதில் ஊற்றுவான்? பெரிய துளையில்தான். அதுதான் சுத்தப் பக்கம். வாளியில் திறந்து கிடந்த டீஸல் காகிதத்தைத் தொடாமலே பம்புக்குப் போய்விடுகிறது.

பழைய பம்பு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இந்த வண்டி காமன் ரெயில். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். உள்ளே இடைவெளியெல்லாம் ஓரிரண்டு மைக்ரான் கணக்கு. தலைமுடி ஒன்று சுமார் எழுபது மைக்ரான் இருக்கும்.

ஒரே கைப்பழக்கம் ஒரு இயந்திரத்தில் திறமையாகவும் இன்னொன்றில் தீங்காகவும் ஆகிவிடுகிறது. இடையில் அந்தக் கைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அரிஸ்டாட்டில் அறியாமையால் செய்தவர்களை, பின்னால் வருந்துகிறவன், வருந்தாதவன் என்று பிரிக்கிறார். வருந்துகிறவனைத்தான் தன் விருப்பத்துக்கு மாறாகச் செய்தவன் என்கிறார். மேஸ்திரிக்கு இதில் ஒரு இடம் கிடைத்துவிடும். பக்கத்தில் நின்ற என்னை எங்கே வைப்பது?

ஏனென்றால் வண்டியோடு வந்த கையேட்டை நான் படித்திருந்தேன். நிரப்பாமல் மாட்டச் சொல்லி அதில் ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் தெரிந்தவன் என்பதாலேயே அந்தப் புத்தகம் பட்டறைக்குப் போகாமல் என் மேஜையில் கிடந்தது. அன்று எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகளின் வரிசை காசிமேட்டைத் தாண்டி நின்றது. வரிசையில் இடம் போனால் அன்றைய நடை போயிற்று. பம்பு அடிக்கும் அந்தக் கால் மணி நேரம் எனக்கும் வேண்டியிருந்தது. அவர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறுபது வயதுத் தொழில்காரருக்கு நான் என்ன சொல்ல என்று பணிவின் பெயரால் சமாதானமும் செய்துகொண்டேன். (இந்த வகைப் பணிவு நம் எழுத்து வட்டாரத்திலும் நிறையவே புழங்குகிறது.)

சில மாதம் கழித்து, ஒரு ராத்திரி, வரிசை நடுவில் அந்த வண்டி நின்றுவிட்டது. இன்ஜெக்டர்கள் போயிருந்தன. அந்த ஒரு ஊற்றல்தான் காரணம் என்று எவராலும் நிரூபிக்க முடியாது. டீஸலில் தண்ணீர் இருந்திருக்கலாம், டாங்கில் துரு இருந்திருக்கலாம். முதலாளி டிரைவரைத் திட்டி அவர் பேட்டாவில் பாதியைப் பிடித்தார். பிடித்ததைக் கணக்கில் எழுதியவன் நான். நிரூபிக்க முடியாது என்பது அப்போது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. விளைவை வைத்து அறத்தை அளப்பவர்கள் இங்கே எதை அளப்பார்கள்? நோக்கத்தை வைத்து அளந்தாலோ மேஸ்திரி தப்பிக்கிறார். வண்டி நேரத்துக்குப் போகட்டும் என்று நினைத்த நானும் அவர் பின்னாலேயே தப்பித்துவிடுகிறேன். அந்த அளவுகோலின் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது அதனால்தான்.

மேஸ்திரியிடம் அடுத்த வருஷம்தான் சொன்னேன். அதுவும் இப்போதுதான் எங்கோ படித்ததுபோன்ற பாவனையில். அவர் கையிலிருந்த புது ஃபில்டரை வெளிச்சத்துக்குத் தூக்கி நடுத்துளைக்குள் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எத்தினி வண்டிக்கு ஊத்தியிருப்பேன் சார்" என்றார். பிறகு டிரைவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி விரல் மடக்க ஆரம்பித்தார்.