கோட்டுக்குள் தைத்த தாள்

"நீ எதுக்கு இன்னும் சர்ச்சுக்குப் போற?" என்று மென்பொருள் அலுவலகங்களில் கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல வேண்டிய வேலை இது. ஒரு வரி கோடை மாற்றினால்கூட ஏன் மாற்றினாய் என்று எழுதிவைக்க வேண்டும். அதே பழக்கத்தில் கடவுளுக்கும் ஒரு காரணம் கேட்கிறார்கள். கிறிஸ்தவ மரபில் பதில்களுக்குப் பஞ்சமில்லை. அக்வினாஸின் ஐந்து வழிகள் உண்டு, அன்செல்மின் வாதம் உண்டு, பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் இருந்தால் தொடங்கிவைத்தது யார் என்ற கேள்வி உண்டு. யூடியூபில் மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். பார்த்து முடித்ததும் அவரவர் கட்சிதான் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறோம்.

எனக்கு இவற்றில் பெரிய ஈடுபாடு இல்லை. நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது, இருப்பதிலேயே பேர் கெட்டுப்போன ஒரு வாதத்தின் முன்னால். பிலேஸ் பாஸ்கலின் பந்தயம்.

பாஸ்கலை 'நம்ம ஆள்' என்று சொல்லத் தோன்றும். 1623இல் பிரான்சின் கிளேர்மோனில் பிறந்தவர். அப்பாவுக்கு ரூவான் நகரத்தில் வரிக்கணக்கு பார்க்கிற உத்தியோகம். கூட்டிக் கூட்டி அலுத்துப்போகும் அப்பாவுக்காக, 1642இல், இருபது வயதுகூட ஆகாத பையன் ஒரு கணக்கு இயந்திரம் செய்ய ஆரம்பித்தான். பல்சக்கரங்கள் சுற்ற, ஒன்பதைத் தாண்டினால் அடுத்த சக்கரம் ஒரு பல் நகரும். அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் 12 தெனியே ஒரு சூ, 20 சூ ஒரு லிவர். அதனால் சில சக்கரங்கள் பன்னிரண்டிலும் இருபதிலும் 'மீதி' கொடுக்க வேண்டியிருந்தது. சக்கரங்கள் ஒரு திசையில் மட்டுமே சுற்றும் என்பதால் கழித்தலையும் நிரப்பெண் முறையில் கூட்டலாக மாற்றித்தான் செய்தான். இன்றைக்கும் நம் கணினிகள் இருமத்தில் செய்வது கிட்டத்தட்ட இதுதான். 1970இல் நிக்லாஸ் விர்த் தன் நிரல்மொழிக்கு பாஸ்கல் என்று பேர் வைத்தது சும்மா இல்லை.

1654இல் அவரும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்ட ஒரு சூதாட்டக் கணக்கிலிருந்துதான் நிகழ்தகவு ஒரு கணிதத் துறையாக எழுந்தது. கணக்கு எளிமையானது. இரண்டு பேர், ஆளுக்கு 32 பிஸ்தோல் காசு வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவருக்கு 64 காசும். ஒருவர் இரண்டு ஜெயித்து, மற்றவர் ஒன்று ஜெயித்த நிலையில் ஆட்டம் நின்றுபோகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது? பாஸ்கல் யோசிக்கிறார்: அடுத்த ஆட்டத்தில் முன்னணியில் இருப்பவர் ஜெயித்தால் 64, தோற்றால் சமநிலை, 32. ஆக, எது நடந்தாலும் 32 அவருக்கு உறுதி. மீதி 32இல் பாதி வாய்ப்பு. எனவே 48, மற்றவருக்கு 16. நடந்தே இராத ஓர் ஆட்டத்தின் மதிப்பை இன்றைக்கே காசாக்க முடியும் என்பது புதிய விஷயம். இன்ஷூரன்ஸும் பங்குச்சந்தையும் இந்த யோசனையின் மேல்தான் நிற்கின்றன.

இதே யோசனையைத்தான் பிறகு கடவுளிடம் கொண்டுபோனார். கடவுள் இருக்கிறாரா என்பதை அறிவால் முடிவுசெய்ய முடியாது. இருக்கிறார் என்று பந்தயம் கட்டி ஜெயித்தால் கிடைப்பது முடிவில்லாத நல்வாழ்வு, தோற்றால் போவது கொஞ்சம். இல்லை என்று கட்டினால் ஜெயித்தாலும் ஆதாயம் அற்பம். நான் எந்தப் பக்கமும் கட்டவில்லை என்று ஒதுங்கவும் வழியில்லை, வாழ்ந்துகொண்டிருப்பதே ஒரு பக்கம் கட்டுவதுதான். அவ்வளவுதான் வாதம். அவர் இறந்து எட்டு வருஷம் கழித்து, 1670இல் 'பான்ஸே' என்ற பெயரில் வெளிவந்த குறிப்புகளில் இது இருக்கிறது. கைப்பிரதியில் ஓரங்களில்கூட நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறார்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாஸ்கலைப் படிக்காமலே இந்த வாதத்தைக் கேட்டிருப்போம். கன்வென்ஷன் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இன்று ராத்திரி நீ செத்துப்போனால் எங்கே போவாய்?" என்று கேட்பார்களே, அது இதன் மலிவுப் பதிப்பு. ஒரு வித்தியாசம் உண்டு. பாஸ்கலின் கணக்கில் நரகம் ஒரு தொகையாக வருவதே இல்லை. மைதானத்தில் கேட்கும் பதிப்பில் அது மட்டும்தான் இருக்கும்.

வாதத்தைக் கிழித்துப் போட்டவர்கள் நிறையப் பேர். வோல்தேர் 1734இலேயே, இவ்வளவு பெரிய விஷயத்துக்குச் சூதாட்டப் பேச்சு அசிங்கம் என்றார், ஒன்றை நம்புவது எனக்கு லாபம் என்பதால் அது உண்மையாகிவிடுமா என்றும் கேட்டார். இதே வாதத்தை ஓர் இமாமும் சொல்லலாமே என்றார் திதரோ. 1896இல் வில்லியம் ஜேம்ஸ் குறும்பாக, கடவுளின் இடத்தில் நாம் இருந்தால் இப்படிக் கணக்குப் போட்டு வருகிறவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளுவோம் என்கிற மாதிரி எழுதினார்.

ஓர் இன்ஜினியராக எனக்கு உறுத்துவது இவை எதுவும் இல்லை, அந்த முடிவிலிதான். முடிவிலியைப் பாதியாக்கினாலும் முடிவிலி, கோடியில் ஒரு பங்காக்கினாலும் முடிவிலி. 2003இல் ஆலன் ஹாயெக் என்ற தத்துவவாதி இதை வைத்தே வாதத்தை முடித்துவிட்டார். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் மட்டும் கடவுளை நம்புகிறேன் என்று சொன்னாலும் என் எதிர்பார்ப்பு மதிப்பு அதே முடிவிலிதான். ஒரு டீ குடித்துவிட்டு, பிறகு ஒருவேளை நம்பலாம் என்று இருந்தாலும் அதே முடிவிலி. எல்லாச் செயலுக்கும் ஒரே விடை தரும் கணக்கு எந்தச் செயலையும் பரிந்துரைப்பதில்லை. கணக்காகப் பார்த்தால் பந்தயம் செத்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்த எனக்கு ஆசையும் இல்லை.

அப்புறம் ஏன் அங்கேயே போய் நிற்கிறேன்? அந்தக் குறிப்பு அங்கே முடியவில்லை என்பதால். பாதிப் பேர் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். பாஸ்கலோடு பேசிக்கொண்டிருக்கும் கற்பனை மனிதன் கணக்கை ஒத்துக்கொள்கிறான், ஒத்துக்கொண்டுவிட்டு, ஆனால் எனக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறதே, என்னைச் செய்த விதம் அப்படி, நான் என்ன செய்யட்டும் என்கிறான். பரிதாபமான, நேர்மையான கேள்வி. பாஸ்கல் அவனுக்கு இன்னொரு நிரூபணம் தரவில்லை. நம்புகிறவர்கள் எப்படி ஆரம்பித்தார்களோ அப்படி ஆரம்பி என்கிறார். தீர்த்தத்தைத் தொடு, பூசைக்குப் போ. அதற்குப் பிறகு ஒரு சொல் போடுகிறார். பிரெஞ்சில் அதன் வேர் 'மிருகம்'. அது உன்னை மிருகம் போல ஆக்கும் என்று சொல்வதாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. போர்-ரொயால் நண்பர்கள் 1670 பதிப்பில் இந்தச் சொல்லை விட்டுவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைப்பிரதியை ஆராய்ந்த விக்தோர் கூசேன் அதைப் பார்த்து அதிர்ந்தார். ஐரோப்பாவின் மிகக் கூர்மையான மூளைகளில் ஒன்று, புத்தியை மழுங்கடித்துக்கொள் என்கிறதா?

இங்கே தமிழ் எனக்கு உதவுகிறது. நம் கிறிஸ்தவர்கள் 'நம்பிக்கை' என்பதைவிட 'விசுவாசம்' என்ற சொல்லைத்தான் அதிகம் புழங்குகிறோம். சபைக்கு வெளியே அந்தச் சொல்லை யாருக்குப் பயன்படுத்துகிறோம்? நாய்க்கு. நாய் தன் எஜமான் இருக்கிறாரா என்பதற்கு நிரூபணம் தேடுவதில்லை. அவர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பாஸ்கல் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான். மனிதன் வெறும் மனம் மட்டும் இல்லை, அவனுக்குள் பழக்கத்தால் ஓடுகிற ஓர் இயந்திரமும் இருக்கிறது, அதையும் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் மனம் ஒத்துக்கொண்டது நிற்காது என்று அவர் நினைத்தார். கடவுளுக்கான தத்துவ நிரூபணங்களைப் பற்றி அவருடைய புகாரும் இதுவே. படிக்கும்போது சரியாகத் தெரியும், ஒரு மணி நேரம் கழித்துச் சந்தேகம் வந்துவிடும். எனக்கும் அன்செல்மைப் படிக்கும்போதெல்லாம் அப்படித்தான் ஆகிறது.

ஆனால் இது ஆபத்தான யோசனை. பழக்கத்தால் எதையும் நம்பவைக்கலாம். ஒரு கட்சி, ஒரு நடிகர் மன்றம், காலையில் எல்லாரும் சேர்ந்து கோஷம் போடும் ஒரு ஸ்டார்ட்அப், எல்லாம் இதே வழியில்தான் ஆட்களைச் சேர்க்கின்றன. டபிள்யூ. கே. கிளிஃபோர்ட் 1877இல் ஒரு கப்பல் முதலாளியைப் பற்றி எழுதினார். பழைய கப்பல், குடியேறப் போகும் குடும்பங்கள் அதில் ஏறவிருக்கின்றன. அவனுக்குச் சந்தேகம் வருகிறது. இத்தனை தடவை பத்திரமாகப் போய்வந்த கப்பல்தானே, கடவுள் காப்பாற்றுவார் என்று சந்தேகத்தை அமுக்கிவிட்டு மனதார நம்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் கொலைகாரன் என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான், நம்ப அவனுக்கு உரிமை இருக்கவில்லை.

கிளிஃபோர்டை எளிதில் தாண்ட முடியாது, தாண்டவும் கூடாது. கப்பல் முதலாளிக்கும் பாஸ்கலின் மனிதனுக்கும் இரண்டு வித்தியாசம் தெரிகிறது எனக்கு. கப்பலைச் சோதித்துப் பார்த்திருக்கலாம், அவன் பார்க்கவில்லை. கடவுள் விஷயத்தில் தச்சனை அழைத்துப் பலகையைத் தட்டிப் பார்க்கிற வசதி இல்லை. இரண்டாவதுதான் முக்கியம். முதலாளி பந்தயம் வைத்தது அடுத்தவர் உயிரை. பாஸ்கல் வைக்கச் சொல்வது உன்னுடையதை. "ஜெபம் போதும், மாத்திரை வேண்டாம்" என்று நோயாளியிடம் சொல்கிற ஊழியர், தப்பை வெளியே சொன்னால் திருச்சபைக்குக் கெட்ட பேர் என்று வாயை அடைக்கிற மூப்பர், இவர்கள் எல்லாம் விசுவாசத்தின் பேரால் அடுத்தவர் காசில் ஆடுகிறார்கள். அவர்கள் கிளிஃபோர்டின் கூண்டில் நிற்க வேண்டியவர்கள். பாஸ்கலைச் சொல்லி அவர்களைக் காப்பாற்ற முடியாது.

திதரோவின் இமாமுக்கும் பந்தயத்தில் பதில் இல்லை. ஏன் குறிப்பாகக் கிறிஸ்துவிடம்? பாஸ்கல் அதைப் பந்தயத்தின் மேல் ஏற்றவில்லை, மற்ற குறிப்புகளில் வைத்தார். எனக்கு அவர் சொல்கிற காரணங்களில் உறைப்பது ஒன்றுதான்: கிறிஸ்தவம் மனிதனைச் சரியாகப் படித்திருக்கிறது என்பது. மனிதன் ஒரே நேரத்தில் பெரியவன், பரிதாபமானவன். ஓர் அறையில் சும்மா உட்கார முடியாமல் எதையாவது துரத்திக்கொண்டே இருக்கிறான் (ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவருக்கு விளக்கம் தேவையில்லை). தான் ராஜா இல்லையே என்று சாதாரண ஆள் வருத்தப்படுவதில்லை, பதவி இழந்த ராஜாதான் வருத்தப்படுவான் என்று பாஸ்கல் வாதாடுகிறார். நம் குறைகள் நம்மை இவ்வளவு உறுத்துவதே நாம் எங்கிருந்தோ விழுந்தவர்கள் என்பதற்கு அடையாளம். அந்த இடத்துக்கு மேலிருந்து ஆணையிடும் கடவுளாக வராமல், அடிபட்டுச் சிலுவையில் தொங்கும் ஒருவராக வந்தவரைத்தான் அவரால் நம்ப முடிந்தது. பரிணாமத்தைக் கொண்டு இந்த உறுத்தலை வேறுவிதமாக விளக்கலாம். அந்த விளக்கத்தில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஆனால் உறுத்தலை விளக்கிவிட்டால் உறுத்துவது நின்றுவிடுகிறதா?

பந்தயக் குறிப்பின் கடைசியில் பாஸ்கல், இந்தப் பக்கம் கட்டினால் இந்த வாழ்க்கையிலேயே உனக்கு என்ன கேடு வந்துவிடும் என்று கேட்கிறார். நேர்மையும் நன்றியும் பணிவும் உள்ளவனாக, நல்ல நண்பனாக ஆவாய் என்கிறார். கடவுளை நம்பாமலே இப்படி இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். நம்பியும் இப்படி ஆகாதவர்களை அதைவிட நன்றாகத் தெரியும். இது நிரூபணம் இல்லை. ஆனால் வேலைசெய்கிறதா என்று பார்க்க ஓர் அளவுகோல், வருஷாவருஷம் என்மேல் வைத்துப் பார்க்கலாம். சில வருஷம் விடை நன்றாக இருக்காது.

ஒரு விஷயம் மிச்சம். 1654 நவம்பர் 23, இரவு பத்தரை மணி வாக்கிலிருந்து நள்ளிரவு தாண்டி அரைமணி வரை பாஸ்கலுக்கு ஏதோ நடந்தது. ஃபெர்மாவோடு சூதாட்டக் கணக்கு போட்ட அதே வருஷம். தேதியையும் நேரத்தையும் துல்லியமாகக் குறித்து, தத்துவவாதிகளின் கடவுளை அல்ல, ஆபிரகாமின் கடவுளைக் கண்டதாக, துண்டு துண்டான வரிகளில் எழுதி, கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். கோட்டு மாற்றும்போது அதையும் பிரித்து மாற்றித் தைத்தார். எட்டு வருஷம். அவர் இறந்தபின் ஒரு வேலைக்காரர் தற்செயலாகத் தடவிப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது.

நம்பாதவர்களை நம்பவைக்கவென்றே நூற்றுக்கணக்கான குறிப்புகள் எழுதிய மனிதர், அவற்றில் ஓரிடத்திலும் இந்த இரவைக் காரணமாகச் சொல்லவில்லை. அது அவருக்குக் காரணம், உனக்கும் எனக்கும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அலுவலக நண்பர்களிடம் நான் தடுமாறுவதும் இங்கேதான். கொடுக்கக்கூடிய காரணங்கள் என்னை நம்பவைத்தவை அல்ல, என்னை நம்பவைத்தவை கொடுக்கக்கூடியவை அல்ல. அதனால் பெரும்பாலும் "பழகிப்போச்சு" என்று சொல்லி டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். அது பொய்யும் இல்லை.

1662இல் பாஸ்கல் தன் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். அவர்களில் ஒரு பையனுக்கு அம்மை போட்டது. அக்கா கில்பெர்த் தினமும் வந்து பாஸ்கலைக் கவனித்துக்கொண்டிருந்தார், அவர் வழியாக அவர் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று பயம். நோயாளிப் பையனை வெளியேற்றுவதுதான் நியாயம் என்று யாரும் சொல்வார்கள். ஏற்கெனவே உடம்பு முடியாமல் இருந்த பாஸ்கல், பையனை நகர்த்தினால் அவனுக்கு ஆபத்து, நான் நகர்கிறேன் என்று சொல்லி அக்கா வீட்டுக்குப் போனார். ஆகஸ்ட் 19 அன்று அங்கேயே இறந்தார். வயது 39. கோட்டு அங்கேதான் இருந்தது.