யாருடைய முகம்?



ஜொகூர்க்காரனுக்கு ஜேடிடி பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 முதல் மலேசிய சூப்பர் லீக் கிண்ணம் நம்மை விட்டுப் போகவில்லை. 2015இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் குழுவும் அதுதான். 2020இல் இஸ்கண்டார் புத்ரியில் சுல்தான் இப்ராஹிம் அரங்கம் திறந்தது. ஆனா அரங்கத்துப் பக்கமே போகாதவனுக்கும் எல்லா ஆட்டமும் தெரியும். கோல் விழுந்த கொஞ்ச நேரத்தில் நம்ம வாட்ஸ்அப் குழுவில் காணொலி வந்துடும். அனுப்புறது யாரு? நாமதான், சம்பளம் வாங்காத விளம்பர ஆட்கள்! அதில் தப்பில்லை. பிடித்த குழுவைப் பற்றி நாலு பேரிடம் பேசுவது ஒட்டுக்கடை காலத்திலேயே உண்டு.

ஆனால் அங்கே விலைபோவது பந்து இல்லை, ஒரு மனிதனின் முகம். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டாளர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை அவர்கள் ஆட்டத்தில் காசு பார்த்தவர்கள் வேறு ஆட்கள். அதே ஆண்டு நம் பூப்பந்து வீராங்கனை கிசோனா, சுதிர்மான் கிண்ண அரையிறுதியில் தோற்றார். 2019 சீ விளையாட்டில் தங்கம் வென்றவர். அப்போது அவர் படத்தைப் பகிர்ந்து கொண்டாடிய அதே சமூக ஊடகத்தில், ஓர் அரசியல்வாதி அவரை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார். பிறகு மன்னிப்பும் கேட்டார். கோபத்தில் நானும் ஸ்டேட்டஸ் போட்டேன்.

அந்த நானே பிறகு செய்ததைச் சொல்றேன்.

எங்க இளைஞர் பிரிவு நடத்திய புட்சால் போட்டி. பெனால்டி அடிக்கப் போன பதினைந்து வயசுத் தம்பி வழுக்கி விழுந்தான். எங்க பசங்க அதில் காமெடி வசனம் சேர்த்து டிக்டாக்கில் போட்டார்கள். "போடலாமாண்ணே?" என்று என்னைத்தான் கேட்டார்கள். தலையாட்டினேன். மற்ற எல்லாக் காணொலியையும்விட அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். அதைப் பார்த்தே ஒரு கடைக்காரர் அடுத்த போட்டிக்கு மண்டப வாடகை தந்தார். நல்ல காரியத்துக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொள்வது எவ்வளவு சுலபம்!

தம்பியைக் கேட்டோமா? கேட்கவில்லை. "அவனும் சிரிச்சானே" என்றோம். ஆறு அண்ணன்கள் சுற்றி நின்று சிரிக்கும்போது பதினைந்து வயசுப் பையன் வேறென்ன செய்வான்? வாராவாரம் அகிம்சை பேசுகிறோம், அடித்தால்தான் ஹிம்சை என்று நினைத்துவிட்டோம் போல. வெற்றி பெற்றவன் படத்தைப் போடவே அவனையும் பெற்றோரையும் கேட்கணும். விழுந்தவனிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கணும். அவன் வேணாம்னு சொல்ல இடம் கொடுத்துக் கேட்கணும். வாடகைக்கு ஆள் கிடைக்காவிட்டால் திடலில் ஆடிக்கொள்ளலாம்.

காணொலியை எடுத்துவிட்டோம். யாரோ சேமித்து வைத்தது இன்னும் குழுக்களில் சுற்றுது. தம்பி வெள்ளிக்கிழமை பஜனைக்குத் தவறாமல் வர்றான். பந்தைத்தான் தொடுறதில்லை.