செயலியும் கிராபிக்ஸ் கார்டும்: பொருத்தம் குறித்த ஒரு சித்தாந்த விசாரணை

குறையுடைய இரண்டு பொருள்கள் கூடி நிறைவான ஒரு செயலைத் தர இயலுமா, இயலுமெனில் அவற்றின் பொருத்தத்தை அளக்கும் கோல் எது என்னும் வினா இந்தியத் தத்துவ மரபில் மிகப் பழமையானது. தென்காசி மாவட்டத்துச் சுரண்டையில் இன்று கணினி விளையாட்டுக்காகக் குறைந்த விலைச் செயலி ஒன்றை வாங்கி, அதற்கு எந்த கிராபிக்ஸ் கார்டு பொருந்தும் என்று தேடும் இளைஞரின் கேள்வியும் அவ்வினாவின் ஒரு கிளையே. அதைப் பணக் கணக்காக மட்டும் கருதினால் அதில் பாதி விடுபட்டுப்போகும்.

பிராசஸர் எனப்படும் செயலி, விளையாட்டின் விதிகளையும் எதிரிகளின் நகர்வையும் பொருள்களின் மோதலையும் கணக்கிட்டு, எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைகளை ஆயத்தம் செய்கிறது. கார்டு அக்கட்டளைகளை ஏற்றுத் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டுகிறது. நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமெனில் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் முடிந்தாக வேண்டும். இரண்டில் எது பிந்துகிறதோ அதுவே முழுக் கணினியின் வேகத்தையும் முடிவு செய்கிறது. 2022இல் வெளிவந்த இன்டெல் ஐ3-12100எஃப் என்னும் நான்கு கருக்கள் கொண்ட மலிவுச் செயலியில் படம் காட்டும் பகுதி அறவே இல்லை. கார்டு இன்றி அது எவ்வளவு கணக்கிட்டாலும் திரை இருண்டே கிடக்கும். கட்டளை வராத கார்டோ ஒரு புள்ளியையும் தீட்டாது.

ஈசுவரகிருஷ்ணர் இயற்றிய சாங்கிய காரிகை இத்தகைய கூட்டுறவை நடக்க இயலாதவரும் பார்வையற்றவரும் சேர்ந்து வழி கடக்கும் உவமையால் விளக்குகிறது. காண்கின்ற, ஆனால் செயலற்ற புருடனும், செயல்படுகின்ற, ஆனால் அறிவற்ற பிரகிருதியும் ஒரு பயன் கருதியே கூடுகின்றன என்பது அந்நூலின் கொள்கை. கூட்டத்திற்குக் காரணம் இரண்டின் சமநிலை அன்று, பயன் என்று கண்டதே சாங்கியத்தின் பெருஞ்சாதனை எனலாம்.

ஆயினும் சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் நிற்கவில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் மறுக்கும் 14 மதங்களுள் நிரீச்சுர சாங்கியமும் ஒன்று. அறிவில்லாத பொருள் தானே சென்று எதனோடும் கூடாது, செயலற்ற பொருளும் கூட்டத்தை நாடாது. ஆகவே இரண்டையும் கூட்டுவிக்கும் மூன்றாவது ஒன்று வேண்டும் என்பது சித்தாந்தம் எழுப்பும் தடை. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, சிவஞானபோதத்திற்கு மாபாடியம் எழுதிய சிவஞான முனிவரின் மரபு சுரண்டையைச் சூழ்ந்த இந்த மண்ணுக்கும் உரியது. அம்மரபின்படி உடலாகிய தனு, உட்கருவியாகிய கரணம், உலகாகிய புவனம், நுகர்பொருளாகிய போகம் ஆகிய நான்கும் உயிரின் வினைக்கும் பக்குவத்திற்கும் ஏற்ப இறைவனால் அளிக்கப்படுகின்றன. கருவிகள் தமக்குள் ஒன்றையொன்று அளந்துகொள்வதில்லை, அவை அனைத்தும் நுகரும் உயிரை நோக்கியே அளக்கப்படுகின்றன.

கணினிக்குச் சாங்கிய உவமையைவிட இவ்விளக்கமே பொருந்துகிறது. ஏனெனில் செயலி, கார்டு இரண்டுமே சடம், காண்பவர் அவற்றுக்கு வெளியே இருக்கிறார். 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகளும், 3840க்கு 2160 என்ற அளவில் அதன் நான்கு மடங்கும் உள்ளன. புள்ளிகள் பெருகும்போது கார்டின் சுமை ஏறுகிறது, ஒரு படத்துக்கான செயலியின் வேலையோ பெரும்பாலும் மாறுவதில்லை. எனவே ஐ3-12100எஃப் செயலியோடு ஆர்டிஎக்ஸ் 4060 கார்டைச் சேர்த்தால், சிறிய திரையில் வேகப் போட்டி விளையாட்டுக்குச் செயலி தடையாகலாம். பெரிய திரையில் காட்சிச் செறிவுள்ள விளையாட்டுக்குக் கார்டு தடையாகலாம். பொருள்கள் மாறாதிருக்கவே பொருத்தம் மாறுகிறதென்றால், பொருத்தம் அப்பொருள்களின் குணம் அன்று என்பது தெளிவு. குற்றாலத்துச் சித்திர சபையில் கூத்தப்பெருமான் சுவரோவியமாகவே வழிபடப்படுகிறார். அசையாத வண்ணத்தில் அடியவர் ஆடலைக் காண்கின்றார் என்பதும் காண்பவரே அளவுகோல் என்பதற்குச் சான்றாகும்.

அப்படியாயின் எதை எதனோடு சேர்த்தாலும் குற்றமில்லை என்று கொள்ளலாகாது, ஏனெனில் குறைகளும் ஒரு தன்மையன அல்ல. கார்டு பிந்தினால் நிழல்களின் நுணுக்கத்தையும் திரையளவையும் குறைத்து ஈடுசெய்யலாம். செயலி முழுச் சுமையில் திணறினால் படங்களின் இடைவெளி சீர்குலைந்து, சராசரி எண்ணிக்கை உயர்ந்திருக்கும்போதே ஆட்டம் தடுக்கித் தடுக்கி ஓடும், அதை அமைப்பு மாற்றங்களால் நீக்குவது அரிது. ஆகவே கார்டு முழுமையாக உழைக்க, செயலிக்குச் சற்று ஓய்வு எஞ்சுமாறு சேர்ப்பதே அறிவுடைமை. இரண்டுக்கும் இடைப்பட்ட வழியும் கவனத்துக்குரியது: 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்குத் தரவு செல்லும் பாதைகள் நான்கே ஆதலால், பழைய மூன்றாம் தலைமுறை இணைப்புள்ள மதர்போர்டில் அது தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கிறது. இரு கருவிகளும் பழுதற்றவையாக இருந்தும் கூட்டம் பழுதுபடுகிறது.

குறையைப் போலவே, தேவைக்கு மிஞ்சிய ஆற்றலும் ஆராயத்தக்கது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு அறுபது முறை மட்டும் புதுப்பிக்கப்படும் திரை, கார்டு 140 படங்களை வரைந்தாலும் அறுபது முறைக்கு மேல் புதுப்பித்துக் காட்டாது. மிகுதியை நாடும் ஆசைக்கும் எல்லை உண்டு: சித்தாந்தம் உயிரின் இச்சையை எழுப்பும் கருவியை அராகம் என்றும், அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு வரையறுப்பதை நியதி என்றும் பெயரிட்டு, இரண்டையும் ஒரே தத்துவ வரிசையில் வைக்கிறது. ஆசையை அது பகையாக்கவில்லை, எல்லையோடு சேர்த்தே எண்ணுகிறது. இறைவன் கருவிகளைத் தருவது உயிரின் அறிவை மறைக்கும் மலம் நீங்கும் பொருட்டு, மனிதரோ தம் விருப்பத்தின் பொருட்டே வாங்குகின்றார் என்ற பெரும் வேறுபாடு இங்கு மறக்கத்தக்கதன்று; எனினும் நுகர்வு முடிந்தபின் உடல் நீங்கி வேறு உடல் வாய்ப்பதைப் பழைய உடலின் பொருத்தமின்மை என்று அம்மரபு கூறுவதில்லை. புதிய விளையாட்டு வந்து பயன் மாறியதும் கழற்றப்படும் கார்டும் பழுதானதன்று. இன்னொருவரின் சிறிய திரைக்கும் எளிய ஆட்டத்துக்கும் அது முழுப் பொருத்தமாக அமையக்கூடும்.