சொல்லாமல் விட்ட சோதனை

நெஞ்சில் பாரம் என்று வருபவருக்கு இதய நோய் இருக்கலாம் என மருத்துவர் ஐயுற்றும் உரிய சோதனையைச் சொல்லாமல் விட்டால், அது பரிவா தவறா? திண்டுக்கல்லின் பூட்டுப் பட்டறைகளிலும் வேடசந்தூர் நூற்பாலைகளிலும் நிலக்கோட்டைப் பூந்தோட்டங்களிலும் வேலை செய்பவர்களை நேரே தொடும் கேள்வி இது. நெஞ்சு அடைத்தால் அவர்கள் முதலில் 'வாயு' என்பார்கள். சோடாவோ ஓமத் தண்ணீரோ குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். பல வேளைகளில் அது வாயுவாகவே இருந்துவிடுவதால் அந்தப் பழக்கம் உறுதிப்படுகிறது.

ஈ.சி.ஜி. பதிவது சுமார் 10 விநாடி இதயத் துடிப்பைத்தான். வலி இல்லாத நேரத்தில் எடுத்தால், அடைப்புள்ள இதயம்கூடச் சீரான கோட்டைக் காட்டக்கூடும். மாரடைப்பு தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் ட்ரோபோனின் இரத்தச் சோதனையும் இயல்பாக வரலாம்; அதனால்தான் இடைவெளி விட்டு மறுபடி பார்க்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சிலசமயம் நெஞ்சு வலியே இருக்காது. மூச்சுத் திணறலோ வியர்வையோ குமட்டலோ மட்டும் தெரியும். ஆகவே "ஈ.சி.ஜி. நார்மல், ஒன்றுமில்லை" என்பது பாதி உண்மை. "இதில் இப்போது ஒன்றும் தெரியவில்லை" என்பதே சரியான சொல்.

எல்லாருக்கும் எல்லாச் சோதனையும் என்பதும் நியாயமாகாது. ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். நல்ல இதயத்திலும் டிரெட்மில் சோதனை கோளாறு காட்டுவதுண்டு; அந்தப் பயத்தில் நகையை அடகு வைத்த குடும்பத்துக்கு நேர்ந்ததும் தீங்குதான். வலியின் தன்மை, வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்ப வரலாறு ஆகியவற்றைக் கொண்டே அடுத்த சோதனை தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். நோயாளியின் வருமானம் இந்தக் கணக்கில் சேராது.

ஆனால் அதுதான் பெரும்பாலும் சேர்ந்துவிடுகிறது. "இந்த அம்மாவால் மதுரைக்கு அலைய முடியாது" என்று எண்ணி எக்கோ சோதனையைப் பற்றிப் பேசாமலே மாத்திரை எழுதி அனுப்புபவர், இரக்கத்தால்தான் அப்படிச் செய்கிறார். எனினும் அந்தப் பெண் எடுக்க வேண்டிய முடிவை அவளைக் கேட்காமலே அவர் எடுத்துவிட்டார். விவரம் தெரிந்திருந்தால் அவள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவுமா என்று விசாரித்திருப்பாள். மகனைத் துணைக்கு அழைத்திருப்பாள். அல்லது வேண்டாம் என்றே சொல்லியிருப்பாள். மறுப்பதும் அவள் உரிமை. தெரியாமல் இழந்ததை மறுத்ததாகக் கொள்ள முடியாது.

பழியை மருத்துவர்மேல் மட்டும் போட்டுவிடவும் முடியாது; அரசுக்கும் முதலாளிக்கும் இதில் பங்கு உண்டு. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தரும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023இல் வந்தது. மாத்திரையை ஊருக்கே கொண்டுவந்த அரசு, சோதனையையும் அருகில் கொண்டுவரக் கடமைப்பட்டது. சோதனைக்குப் போகும் நாளின் கூலியைப் பிடிக்காதிருப்பது ஆலை முதலாளியின் கடமை.

மருத்துவர் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. எந்தச் சோதனை முடிந்தது, எது பாக்கி, எந்த அறிகுறி வந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்பதைச் சீட்டில் தமிழில் எழுதித் தர வேண்டும்.