யாருக்காகப் படித்தாய்?



பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வீடு திரும்பிய பிள்ளை, ஞாயிறு திருப்பலியில் அமர்ந்து, தான் கற்றதற்கும் இச்செபத்திற்கும் என்ன தொடர்பு என்று யோசிக்கின்றான். பெற்றோரே, அக்கேள்விக்கு அஞ்சாதீர்கள்.

உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று பாரிஸ் நகரில் சக மாணவர்கள் பிரெடெரிக் ஓசானாமைக் கேட்டனர். இருபது வயது இளைஞரான அவர் விவாதத்தோடு நின்றுவிடவில்லை. ஏழையின் வீட்டிற்கு விறகு கொண்டு சென்றார். 1833 இல் நண்பர்களோடு அவர் ஆரம்பித்ததே இன்று நம் பங்குகளிலும் பணிபுரியும் வின்சென்ட் டி போல் சபை. 1997 இல் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

பட்டதாரிப் பிள்ளைகளே, ஐயம் தீரட்டும் என்று காத்திராமல் அயலில் வாடும் குடும்பத்தைச் சென்று பாருங்கள். கிறிஸ்து அங்கே காத்திருக்கிறார்.

பெற்றோரே, “வேலை எப்போது?” என்று மட்டும் கேளாமல், “யாருக்காகப் படித்தாய்?” என்றும் அன்போடு கேளுங்கள்.