இரண்டு குதிரைகள்

பழைய வண்டி ஒன்றை விலைபேசச் செல்லும்போது சோதனைக்கு உள்ளாவது வண்டி மட்டுமன்று. விற்பவரும் வாங்குபவரும் கூடவே சோதிக்கப்படுகின்றனர். இதனைக் கொடுங்கையூர்த் தெரு ஒன்றில் நாம் கற்றுக்கொண்டோம்.

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் தொழிலுக்காக, 'குட்டியானை' என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டி ஒன்றை வாங்க விரும்பினார். மனைவியின் நகைகளை அடகு வைத்துத் திரட்டிய பணம் அவர் கையில் இருந்தது. வியாசர்பாடியிலிருந்து அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு அவர் புறப்பட்டபோது நாமும் உடன் சென்றோம்.

மெக்கானிக் முதலில் எஞ்சின்மீது கையை வைத்துப் பார்த்தார். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் குறை மறைந்துவிடும். எண்ணெய் மூடியைத் திறந்து, மோர் போன்ற நுரை படிந்திருக்கிறதா என்று நோக்கினார். எண்ணெயில் நீர் கலந்திருப்பதற்கு அது அடையாளமாகலாம். வண்டியைக் கிளப்பிப் புகையின் நிறத்தைக் கவனித்தார். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். கதவுகளில் காந்தத்தை வைத்தார். பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. பின்னர் அடியில் படுத்துச் சேசிஸைத் தட்டிப் பார்த்து, அதில் பொறித்த எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார். சரக்குத் தட்டின் ஓரம் துருப்பிடித்திருந்தது. அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மற்றபடி குறை எதுவும் தென்படவில்லை.

இத்தனை சோதனை விற்பவரை அவமதிப்பதாகாதா எனச் சிலர் கேட்கலாம். ஆகாது. குடும்பத்தின் நகையைப் பணமாக்கிக் கொண்டுவந்தவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது நம்பிக்கையன்று, பொறுப்பின்மை. விவேகத்தைத் தலையாய நற்பண்புகள் நான்கனுள் ஒன்றாகத் திருச்சபை எண்ணுகிறது.

விலை பேசும் வேளையில் விற்பவர் சற்றுத் தயங்கினார். "தம்பி, ஒண்ணு சொல்லிடறேன். மிக்ஜாம் புயல் வெள்ளத்துல வண்டி ரெண்டு நாள் தண்ணியில நின்னுச்சு. ஒயரிங் பாதிதான் மாத்தினேன். அடைமழையில சில நேரம் வழியிலேயே நின்னுடும்" என்றார். 2023 டிசம்பரில் நேர்ந்த அந்தப் பாதிப்பை மெக்கானிக்கின் கண்ணும் கையும் காணவில்லை.

அவர் வாய் திறவாதிருந்தால்? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில் குதிரை ஒன்றை எடுத்துக்காட்டாகத் தருகிறது. நலமற்றது என்று அறிந்தே ஒருவர் தம் குதிரையை ஏலத்தில் விற்கிறார். குறையைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது வஞ்சகமன்று என்கிறது சட்டம். ஆனால் வாங்குபவள் அப்போதுதான் உரிய வயதடைந்த அவருடைய சொந்த மகளானால், அவர் சொல்லியே ஆகவேண்டும். உறவு அக்கடமையை விதிக்கிறது.

அதற்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பில்' வேறொரு குதிரையைக் காட்டினார். ஒற்றைக் கண்ணுள்ள குதிரையின் குறை வெளிப்படையானது; அதற்குத் தக்கவாறு விலையைக் குறைத்திருந்தால், விற்பவர் அதை எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் மறைந்திருந்து இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் குறையை அவர் சொல்லியே தீரவேண்டும். தட்டின் துரு முதல் வகை. நனைந்த ஒயரிங் இரண்டாம் வகை. சட்டம் மகளுக்கு மட்டும் அளித்த உரிமையைப் புனிதர் வாங்குவோர் எல்லார்க்கும் அளிக்கிறார்.

ஆயினும் கதை இங்கு முடியவில்லை. விற்பவர் உண்மையைச் சொன்னதும் இளைஞரின் காதில், "இதுதான் சமயம், பாதி விலைக்குக் கேளுங்கள்" என்று கிசுகிசுத்தவர் வேறு யாருமல்லர், நாமே. மெக்கானிக் அதைக் கேட்டுவிட்டார். "தம்பி, ஒயரிங் மாத்த ஆகிற காசைக் குறைச்சுக் கேளு. அவர் உண்மை சொன்னதுக்கு அபராதம் போடாதே" என்றார். நாம் தலைகுனிந்தோம்.

வெளிப்படையான குறையை ஏன் விற்பவர் சொல்லத் தேவையில்லை என்பதற்குப் புனிதர் கூறும் காரணம் பிறகே நம் நினைவுக்கு வந்தது: சொன்னால், வாங்குபவர் நியாயத்துக்கு மேலும் விலையைக் குறைக்கச் சொல்வாராம். நம்மைக் கண்டே எழுதியதுபோல் இருந்தது. விற்பவரின் பொய்யைக் கண்டிக்கும் நாம், உண்மை சொல்பவரின் நேர்மையைப் பயன்படுத்தி ஆதாயம் தேடுகிறோம். அப்படி ஏமாந்தவர் அடுத்த முறை வாய் திறப்பாரா? சந்தையில் பொய் பெருகுவதற்கு விற்பவர் மட்டுமே காரணமல்லர்.

மெக்கானிக் கணக்கிட்ட தொகை மட்டும் குறைக்கப்பட்டது, வண்டி கைமாறியது. என்றேனும் ஒருநாள் அந்த இளைஞரும் இதே வண்டியை மற்றொருவரிடம் விலைபேசுவார். அன்று அவர் தயங்கும் நொடியில், கொடுங்கையூரில் உண்மை சொன்னவர் எவ்வாறு நடத்தப்பட்டார் என்பது அவர் நினைவில் எழும். அந்நினைவு அவரை வாய் திறக்கச் செய்யுமாறு நடந்துகொண்டவர் மெக்கானிக், நாமல்லர்.