எண்ணும் ஊதியமும்

கல்வியின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினா மிகப் பழையது. நம் காலத்தார் அதற்கு எளிய விடையொன்று கண்டுள்ளனர்: மாதம் எவ்வளவு வருகிறது? அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை பரந்து கிடக்கும் இவ்வறண்ட பூமியில் அவ்விடை வேரூன்றியதில் வியப்பில்லை. மழை பொய்த்தால் கண்மாய் வற்றுகிறது. கண்மாய் வற்றினால் பருத்தியும் மிளகாயும் கருகுகின்றன. தறியை நம்பியோருக்கோ நூல் விலை ஏறும்போதெல்லாம் கூலி கைக்கும் வாய்க்கும் எட்டுவதில்லை. வானத்தையும் சந்தையையும் பார்த்தே வாழ்ந்து தளர்ந்த தந்தை, தம் மகனாவது மாதம் பிறந்தால் தவறாத ஊதியம் பெற வேண்டும் என விழைவது பேராசையாகாது. குடும்பத்தாருக்காக ஹலாலான பொருள் தேடுவதை மார்க்கம் கடமையாக்கியிருக்கிறது. ஆகவே, பொறியியல் கற்றுப் பொருளீட்ட விரும்புவோரைப் பழிப்பது நம் கருத்தன்று. அந்த ஊதியம் எதற்காகத் தரப்படுகிறது, அது எதை அளக்கிறது என்பதையே சிந்திக்க வேண்டும்.

தமிழகத்தில் பொறியியல் கல்லூரியின் வாயிலைத் திறக்கும் திறவுகோல் கணிதம். நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கிய பின், மேல்நிலைத் தேர்வின் கணித மதிப்பெண் 100க்கும், இயற்பியலும் வேதியியலும் தலைக்கு 50க்கும் கணக்கிடப்பெற்று, மொத்தம் 200க்குத் தரவரிசை அமைகிறது. கணிதம் ஒன்றே சரிபாதி. இதனைக் கண்ட பெற்றோர், கணக்கு வந்தால் பட்டம் வரும், பட்டம் வந்தால் பணம் வரும் என்று முடிவு கட்டினர்.

இம்முடிவில் இரண்டு குறைகள் உள்ளன. பாடநூற் கணக்குகளை மனனம் செய்தும் மதிப்பெண் பெறலாம்; ஆனால் முன்பு காணாத ஒரு சிக்கலை எண்ணாலும் அளவாலும் அவிழ்க்கும் திறனை மனனம் தராது. வேலை கொடுப்பவர் நாடுவது இத்திறனையே. இது முதற் குறை. பட்டம் அரியதாக இருந்த நாளில் அதற்குக் கிடைத்த விலை, அது பெருகிய பின்னும் கிடைக்கும் என்று நம்புவது இரண்டாவது குறை. இன்று தமிழகத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ளன. பெரிய மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பட்டதாரியின் ஆண்டு ஊதியம் 2010ஆம் ஆண்டை ஒட்டி 3 இலட்சத்துக்குச் சற்று மேல் இருந்தது; பத்தாண்டுகள் கழிந்தும் அது மூன்றரை இலட்சத்தைச் சுற்றியே நின்றது. இடைக்காலத்தில் அரிசியும் வாடகையும் அவ்வாறு நிற்கவில்லை. அதே நிறுவனங்களில், ஆழ்ந்த கணிதத் திறனுடைய சிலருக்கோ இதனைப் போல் இருமடங்கும் மும்மடங்கும் தொடக்கத்திலேயே தரப்படுகின்றன.

இதன் காரணம் பூக்கடைக்காரருக்கும் தெரியும். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்தால் மல்லிகையின் விலை ஏறுகிறது. வரத்துப் பெருகினால் இறங்குகிறது. மணம் இரண்டு நாளும் ஒன்றுதான். ஊதியமும் அருமையை அளக்கிறதேயன்றி, அறிவின் பெருமையை அளப்பதில்லை.

இந்நோய் நம் காலத்தது மட்டுமன்று. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீனில் மருத்துவத்தையும் கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்க்கிறார்கள். அதாவது, ஊரில் சிலரேனும் அதனைக் கற்றிருக்க வேண்டும். ஒருவருமே கல்லாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். பின்னர் அவர்கள் ஒரு வேதனையையும் வெளியிடுகிறார்கள். முஸ்லிம் மருத்துவர் இல்லாத ஊர்கள் பல இருக்க, மாணவர் யாவரும் சட்டக் கலையையே மொய்த்தார்கள். காழி பதவியும் வக்ஃபுச் சொத்தின் நிர்வாகமும் அதன் வழியே கிடைத்தமையே காரணம் என்கிறார்கள். மார்க்கக் கல்வியாளராகிய எம் வகுப்பாரை நோக்கிக் கூறப்பட்டது அது. அன்று சட்டம், இன்று பொறியியல். துறை மாறியது, ஊருக்கு எது தேவை என்று கேளாமல் வரும்படி எது என்று கேட்கும் வழக்கம் மாறவில்லை.

நம் முன்னோர் கணிதத்தை எதற்குக் கற்றனர்? ஃபராயிள் எனும் பாகப்பிரிவினைக் கலையைப் பாருங்கள். மனைவி, இரு புதல்வியர், தாய், தந்தை ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்று, புதல்வியருக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒவ்வொன்று. 24 பங்காக வைத்துக் கூட்டினால் 27 வருகிறது! மிம்பரில் நின்றிருந்த அலீ (ரலி) அவர்களிடம் இதனைக் கேட்டபோது, மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாயிற்று என்ற கருத்தில் அக்கணமே விடையளித்தார்கள் எனப் பதிவுகள் கூறும். சொத்தை 27 பங்காக்கி, குறைவை எல்லார் மீதும் நீதியாகப் பரப்புவதே அதன் பொருள். கலீஃபா மஃமூன் காலத்து அல்குவாரிஸ்மியின் அல்ஜப்ரு நூலும் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளையே பேசுகிறது. இன்றைய கணிப்பொறியை இயக்கும் வழிமுறைகளுக்கு அவர் பெயரே மேலைநாட்டார் வாயில் திரிந்து வழங்குகிறது. யாருக்கும் அநீதி நேராதிருக்கவே அவர்கள் எண்ணினர்.

நம் வட்டாரத்தின் தேவையையும் எண்ணிப் பாருங்கள். கண்மாய்கள் மண்மேடிட்டுச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. எவ்வளவு மண் அகற்றினால் எவ்வளவு நீர் நிற்கும், கலுங்கு எம்மட்டத்தில் அமைய வேண்டும் என்று அளந்து சொல்லும் பொறியாளர் இங்கே வேண்டும். அவ்வேலைக்குச் சந்தை பெருவிலை தருவதில்லை. ஊதியம் தேவையைக் காட்டும் குறியும் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே பெற்றோர் நிலத்தையும் நகையையும் விற்குமுன், வட்டிக் கடனில் இறங்குமுன், பிள்ளைக்குக் கணக்கில் நாட்டமும் திறனும் உண்டா என்று உண்மையாக ஆராய வேண்டும். உண்டெனில் வாயில்கள் திறந்தே உள்ளன. முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2021 முதல் பொறியியலில் 7.5 விழுக்காடு உண்டு. அவர்தம் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எஞ்சிய செலவை ஜமாஅத்தார் வட்டியின்றித் தாங்குவது நம் பொறுப்பு. நாட்டம் இல்லையெனில், விலை கொடுத்து வாங்கிய பட்டம் பிள்ளைக்குக் கடனையும் தாழ்வெண்ணத்தையுமே சம்பாதித்துத் தரும். தறியிலோ கடையிலோ நேர்மையாக உழைக்கும் இளைஞனை, சம்பளக் கணக்கைக் கொண்டு சபையில் தாழ்த்துவதும் அளவையில் மோசடி செய்வதை ஒத்ததே.

ரிஜ்க்கை அளப்பவன் அல்லாஹ். நாம் அளக்க வேண்டியது, கற்றது எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதையே. பயன் தராத கல்வியிலிருந்து பெருமானார் (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடினார்கள். அப்பாதுகாவலை வல்ல நாயன் நம் மக்களுக்கும் அருள்வானாக!